இருபத்துமூன்றாம் பின்னுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி நான்கு நிமிடத்திலிருந்து பதினொன்று ஐம்பத்திரண்டு வரை, குளிர்பதனக் கிடங்கின் மூன்றாம் அறைக்குள் சரக்கு அடுக்கும் தொழிலாளி ஒருவர் கதவைத் திறக்க முடியாமல் மாட்டிக்கொண்டார். உள்ளே இருந்த அவசரப் பொத்தானை அவர் நாற்பத்தொரு முறை அழுத்தினார். வெளியே நடைபாதையில் இருந்த சைரன் ஒரு முறைகூட ஒலிக்கவில்லை. அந்தச் சைரனை இயக்கும் பெட்டி நான் செய்து விற்றது.

என் பெயரும் முகவரியும் படிவத்தின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டுள்ளன. வயது ஐம்பத்தெட்டு. குளிர் அறைகளுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்து விற்பது தொழில். சந்தையில் என்னைப் பொட்டிக்காரர் என்றால்தான் தெரியும். படிப்பு பத்தாவதோடு நின்றது. என்னை யாரும் ஆள் அனுப்பி அழைத்து வரவில்லை, நானே வந்தேன். நான் சொல்வது எனக்கு எதிராகவே திரும்பலாம் என்று ஆய்வாளர் எடுத்துச் சொன்னார். "தெரியும் சார், எழுதச் சொல்லுங்க" என்றேன். அந்தத் தொழிலாளி பொத்தானை அழுத்தவே இல்லை, தன் கவனக்குறைவால்தான் கையைக் கெடுத்துக்கொண்டார் என்று கிடங்கு மேலாளர் இதே நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தப் புகார் நின்றால் அந்த மனிதருக்கு வேலையும் கிடையாது, நட்ட ஈடும் கிடையாது. அது பொய் என்று சொல்லத்தான் வந்தேன்.

பெட்டியைப் பற்றி முதலில் சொல்கிறேன். அது அறைக் கதவுக்குப் பக்கத்தில், வெளிச்சுவரில் மாட்டப்படுவது. முகப்பில் ஒரு சிறு திரை, மேலே சைரன், உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு பலகை. பலகையில் ஒரு சிப், அதைச் சுற்றி வரிசையாக மெல்லிய கால்கள். அந்தக் கால்களைப் பின் என்பார்கள். ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு வேலை. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்து நிர்வாகம் செய்யும் மென்பொருளுக்குக் கெர்னல் என்று பெயர். திரை, சைரன் என்று ஒவ்வொரு உறுப்பையும் ஓட்டுவதற்குக் கெர்னலுக்குள் தனித்தனியாக ஒரு நிரல் இருக்கும், அதன் பெயர் டிரைவர். டிரைவர் என்றதும் வண்டி எண் கேட்ட எழுத்தர் ஐயாவுக்கு இதை மூன்று முறை விளக்கியாகிவிட்டது. கெர்னலின் சட்டம் ஒன்றுதான். ஒரு பின்னுக்கு ஒரே சொந்தக்காரர். முதலில் கேட்கும் டிரைவருக்குக் கொடுக்கும், அடுத்து வந்து கேட்பவரை "ஆள் இருக்கு" என்று திருப்பி அனுப்பும்.

எங்கள் பழைய பெட்டியில் திரைக்கு மின்சாரம் விட ஒரு பின், சைரனுக்கு மின்சாரம் விட வேறு ஒரு பின் என்று தனித்தனியாக இருந்தன. பத்து மாதத்துக்கு முன் கிடங்கு மேலாளர், கதவு விளிம்பில் பனி உறையாமல் இருக்க ஒரு ஹீட்டர் வேண்டும், அதையும் இந்தப் பெட்டியே இயக்க வேண்டும் என்று கேட்டார். சிப்பில் பின் மிச்சமில்லை. பெரிய சிப் போட வேண்டும் என்று பலகை வரைபவர் சொன்னார். "இதுவே போதும், திரையையும் சைரனையும் ஒண்ணாச் சேர்த்து ஒரே பின்னுல விடு" என்று நான்தான் சொன்னேன். அப்படித்தான் இருபத்துமூன்றாம் பின்னுக்கு இரண்டு வேலை வந்தது. பலகை வரைபவரை இதில் இழுக்க வேண்டாம்.

அதன் பிறகு பலகை தயாராகி வந்தது. என் தங்கை மகள் ஆறு வருடமாக என் பட்டறையில் வேலை செய்கிறாள், டிரைவர் எழுதுவது அவள் வேலை. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சாலிடர் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள்.

"மாமா, சைரன் டிரைவர் எழுந்திருக்க மாட்டேங்குது."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"சிரிக்காதீங்க. இருபத்துமூணை திரை டிரைவர் முதல்ல வாங்கிடுது. சைரன் போய்க் கேட்டா ஆள் இருக்குன்னு கெர்னல் துரத்திடுது. அது சரியாத்தான் துரத்துது."

"வழி என்ன, அதச் சொல்லு."

"நடுவுல ஒரு காவல் வைக்கணும். பின்னை அது மட்டும்தான் தொடும். இவங்க ரெண்டு பேரும் அதுகிட்டதான் கேக்கணும். எழுதி, சோதிச்சு முடிக்க ரெண்டு வாரம் ஆகும்."

"திங்கக்கிழமை லாரி கிளம்புதும்மா."

"குறுக்கு வழி ஒண்ணு இருக்கு. இந்தப் பின் ரெண்டு பேருக்கும் பொதுன்னு ஒரு குறி போட்டா கெர்னல் கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு பேரையும் விட்டுடும். ஆனா…"

"அந்த ஆனாவை அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த "ஆனா"வுக்குள்தான் ஒரு மனிதர் நாற்பத்தெட்டு நிமிடம் இருந்தார். அதைச் சொல்ல விடாமல் வாயை அடைத்தவன் நான்.

அவள் குறியைப் போட்டாள். போட்ட இடத்துக்குமேல் நிரலுக்குள்ளேயே ஒரு குறிப்பும் எழுதி வைத்தாள். அதை அச்செடுத்துக் கொண்டு வந்திருக்கிறேன், தேதியும் இருக்கிறது. குறிப்பு இதுதான்: "இந்தப் பின்னுக்கு இரண்டு சொந்தக்காரர்கள். ஒருவர் இறக்கினால் மற்றவருக்குத் தெரியாது. இது தற்காலிகம், காவல் எழுத வேண்டும். மாமாவிடம் சொல்லியாயிற்று." கடைசி இரண்டு வார்த்தைகளையும் எழுத்தர் விட்டுவிடாமல் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு லாரி கிளம்பியது. பெட்டிகள் சோதனை செய்யாமல் போனதாக யாரும் நினைக்க வேண்டாம். ஒவ்வொன்றையும் ஐம்பது முறை அழுத்திப் பார்த்தோம், ஐம்பது முறையும் காது கிழிய ஒலித்தது. ஆனால் பட்டறையில் பொத்தானும் பெட்டியும் ஒரே மேஜையில் இருக்கும். சோதிப்பவர் திரையைத் தொட்டு வெப்பநிலையைக் குறித்துக்கொண்டுதான் பொத்தானை அழுத்துவார். திரை விழித்திருக்கும்போதே சோதித்தோம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று ஒருவரும் அழுத்திப் பார்க்கவில்லை. பொத்தான் இருப்பதே உள்ளே மாட்டிக்கொண்டவருக்காக என்பது பெட்டி செய்த எங்களில் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை.

இரண்டு மாதம் கழித்து மேலாளர் தொலைபேசியில் பேசினார். "பொட்டிக்காரரே, நடைபாதை பூரா நீல வெளிச்சம், சினிமாக் கொட்டகை மாதிரி இருக்கு. பத்து நிமிஷம் யாரும் தொடலேன்னா திரை அணையிற மாதிரி பண்ணிக் குடுங்க" என்றார். கேட்டதில் தப்பில்லை. ஒரு நாளில் செய்துகொடுத்தோம், மற்ற பெட்டிகளுக்கும் அதையே போட்டோம். அன்று முதல் திரை தூங்கப் போகும்போது, திரை டிரைவர் தன் வேலை முடிந்தது என்று இருபத்துமூன்றாம் பின்னை இறக்கி, மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போனது. சைரன் டிரைவர் பெட்டி ஓடத் தொடங்கும்போது ஒரே ஒரு முறை அந்தப் பின்னை ஏற்றியதோடு சரி, அது இன்னும் ஏறித்தான் இருக்கிறது என்ற நம்பிக்கையில் இருந்தது. பொத்தானை அழுத்தினால் ஒலியை அனுப்பிவிட்டு, "ஒலித்தது" என்று பதிவேட்டில் எழுதியும் வைக்கும். மின்சாரம் போன சைரனுக்கு எந்த ஒலியை அனுப்பி என்ன?

அதன் பிறகு நடந்தது சென்ற செவ்வாய்க்கிழமை. அந்தத் தொழிலாளியை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாம் அறை பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. அவர் மீன் பெட்டிகளை மேல் தட்டில் ஏற்ற உள்ளே போனார், கதவு தானாகச் சாத்திக்கொண்டது, உள் கைப்பிடி பனியில் இறுகிக்கிடந்தது. எந்த ஹீட்டருக்காகப் பின் போதாமல் போனதோ அந்த ஹீட்டருக்கு அன்றுவரை கம்பி இழுக்கவில்லை. கம்பி இழுப்பது கிடங்கின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதன் நகலையும் இணைத்துள்ளேன். பதினொன்று ஐம்பத்திரண்டுக்குச் சரக்கு ஏற்ற வந்த லாரிக்காரர் ஒருவர் கதவைத் திறந்தபோது, நெட்டை பொத்தானுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் உறை இல்லை.

செய்தி கேட்டு நானும் தங்கை மகளும் மத்தியானம் இரண்டு மணிக்குக் கிடங்குக்குப் போனோம். பெட்டியில் அந்தப் பதிவேடு சேமிக்கப்படும் பதிவு அட்டையை மேலாளர் முன்னிலையிலேயே கழற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்து படித்தோம். நாற்பத்தொரு வரி இருந்தது. முதல் அழுத்தல் பதினொன்று ஆறு. முதல் ஒன்பதும் அடுத்தடுத்து, குறுகிய அழுத்தல்கள். பிறகு இருபத்தாறு நொடி ஒன்றுமில்லை. அதன் பிறகு வந்தவை எல்லாம் நீண்ட அழுத்தல்கள். கடைசியாக அழுத்தியது பதினொன்று நாற்பத்தொன்பதுக்கு, பத்தொன்பது நொடி விடாமல். ஒவ்வொரு வரிக்கும் எதிரே "ஒலித்தது" என்று என் பெட்டி எழுதியிருந்தது. அதே மாதிரிப் பெட்டி ஒன்றை மேஜையில் வைத்து, பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்து, திரை அணைந்ததும் அழுத்தினோம். சத்தமே இல்லை. திரையைத் தொட்டுவிட்டு அழுத்தினோம். பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர்கள் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார்கள்.

"காவல்னு சொன்னியே, அது எப்படி வேலை செய்யும்?" என்று அவளைக் கேட்டேன்.

"மின்சாரம் வேணும்னு ஒருத்தர் கேட்டா எண்ணிக்கையில ஒண்ணு கூட்டும். வேணாம்னா ஒண்ணு குறைக்கும். எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்தாத்தான் பின்னை இறக்கும். திரை தூங்கப் போனாலும் சைரன் இன்னும் கணக்குல இருக்கும், அதனால இறங்காது."

"கொக்கி" என்றேன்.

"என்ன மாமா?"

இருபத்தைந்து வயதில் நான் முதல் கடை போட்டபோது, ஒரு கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரும் நானும் ஒரே கடையில் பாதிப் பாதி இருந்தோம். ஷட்டர் ஒன்றுதான். ஒரு நாள் நான் பின்னால் குனிந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன், அவர் ஆள் இல்லை என்று நினைத்து ஷட்டரை இறக்கிப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்று மணி நேரம் தகரத்தைத் தட்டினேன். மறுநாளே ஷட்டருக்குப் பக்கத்தில் இரண்டு கொக்கி அடித்தோம். உள்ளே இருப்பவர் தன் கொக்கியில் தன் தொப்பியை மாட்ட வேண்டும், இரண்டு கொக்கியும் காலியாக இருந்தால்தான் யாரும் ஷட்டரைத் தொட வேண்டும். பதினொரு வருடம் அந்தக் கடையில் இருந்தோம், அதற்குப் பிறகு ஒரு நாளும் யாரும் உள்ளே மாட்டிக்கொள்ளவில்லை. ஆகவே, கெர்னல் எனக்குத் தெரியாது, நான் படிக்காதவன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. இரண்டு பேருக்குப் பொதுவான ஒன்றை எப்படி வைத்துக்கொள்வது என்பது எனக்கு என் தொண்டை வறளக் கத்திய நாளிலேயே தெரியும். தெரிந்திருந்தும் லாரிக்காக அவசரப்பட்டேன்.

அன்று சாயங்காலம் மேலாளர் என் பட்டறைக்கு வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். நான் சாத்தவில்லை.

"பாருங்க, ரெண்டு பேருமே தொழில் பண்றவங்க. அவன் பயந்துபோய் மூலையில உக்காந்துட்டான், பொத்தானை அழுத்தலேன்னு நான் எழுதிக் குடுத்துட்டேன். உங்க பொட்டி மேலயும் பழி வராது, எங்க கதவு மேலயும் வராது. நீங்க அந்த அட்டையை மட்டும் பேசாம வச்சுக்கோங்க" என்றார்.

"நாற்பத்தொரு தடவை அழுத்தியிருக்காருங்க."

"அது உங்களுக்கும் எனக்கும்தானே தெரியும்?"

"அவருக்கும் தெரியுமே."

"அவன் சொல்றத யாரு கேக்கப் போறா?"

"நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க கெளம்புங்க" என்றேன். உடனே கிளம்பவில்லை, அடுத்த இரண்டு கிடங்குக்கும் என் பெட்டிகளையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். "சத்தம் போடாத பொட்டியை வாங்குற அளவுக்கு உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டேன். அதன் பிறகுதான் போனார்.

மறுநாள் புதன்கிழமை காலை, என் பெட்டி மாட்டியிருக்கும் அறுபத்துமூன்று அறைக்காரர்களுக்கும் நானே பேசி, திரை தூங்கும் வசதியை உடனே நிறுத்தச் செய்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஏன் என்றும் சொன்னேன். நான்கு பேர் இனி என் முகத்திலேயே விழிக்க மாட்டோம் என்றார்கள். அது அவர்கள் உரிமை. பதினொரு மணிக்கு என் வக்கீல் வந்தார். பூசி மெழுகுவதில் கெட்டிக்காரர். "அந்தக் குறியைப் போட்டது யாரு? உங்க தங்கச்சி பொண்ணுதானே? அப்ப அது ஊழியர் செஞ்ச தவறு. உங்க கழுத்துல ஏன் மாட்டிக்கிறீங்க?" என்று கேட்டார். அவள் அடுத்த மேஜையில்தான் இருந்தாள், காதில் விழுந்திருக்கும். "குறியைப் போட்டது அவ கை, போடச் சொன்னது என் வாய். அவ பேர ஒரு தாள்ல பாத்தேன்னா அன்னைக்கே வேற வக்கீல் பாத்துக்கிறேன்" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். இன்று அவர் என்னோடு வராததற்குக் காரணம் அதுதான், உடல்நலம் சரியில்லை என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தாலும்.

நேற்று வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். நெட்டையின் மனைவி கட்டில் பக்கத்தில் நின்று, ஒரு கிண்ணத்தில் இருந்ததை அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டார்.

"நீங்கதான் அந்த ஊமைப் பொட்டிக்காரரா?"

"நான்தாம்மா."

"எதுக்கு வந்தீங்க? இவரு அழுத்தலேன்னு கையெழுத்து வாங்கவா? கையெழுத்துப் போட விரல் வேணுமே, அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

வலது கையில் மூன்று விரல்களின் நுனியை எடுத்துவிட்டார்கள். அவர் மனைவியைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். "சத்தம் கேக்கலே. நான்தான் சரியா அழுத்தலே போலிருக்குன்னு நெனச்சேன் சார். உறை தடியா இருக்குல்ல. அதான் கழட்டிட்டு அழுத்துனேன்" என்றார். பதிவில் இருக்கும் இருபத்தாறு நொடி இடைவெளி எதற்கு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பதிவைப் பற்றி நான் அதுவரை அவரிடம் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. அவர் சொன்னதும் அட்டையில் இருப்பதும் பிசகாமல் ஒத்துப்போவதை நீதிமன்றம் கவனிக்க வேண்டும். "நீங்க சரியாத்தான் அழுத்தினீங்க. ஒன்பது தடவையும் சரியா அழுத்தினீங்க. நாற்பத்தொண்ணும் சரியா அழுத்தினீங்க" என்று சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பதிவு அட்டை, அச்செடுத்த குறிப்பு, ஒப்பந்த நகல், ஒரு பெட்டி ஆகிய நான்கையும் இன்று ஒப்படைக்கிறேன். அட்டையைப் படிக்கத் தெரிந்த வேறு எந்த நிறுவனத்திடம் கொடுத்தும் சரிபார்க்கலாம். என் பேச்சில் சந்தேகம் இருப்பவர்கள் பெட்டியை இந்த நிலையத்திலேயே மாட்டி, பத்து நிமிடம் பொறுத்திருந்து அழுத்திப் பார்க்கலாம். என்மேல் என்ன வழக்குப் போட வேண்டுமோ போடுங்கள், நின்று பதில் சொல்கிறேன். ஆனால் அந்த மனிதர் அழுத்தவில்லை என்று எழுதிய தாளில் சாட்சியாகவோ வேறு எதுவாகவோ என் கையெழுத்து விழாது.

மேலே உள்ளவை என் வாயால் சொன்னவை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். "அழுத்தியதாகக் கூறப்படும்" என்று இரண்டு இடத்தில் இருந்ததை "அழுத்திய" என்று திருத்தச் சொன்னேன், திருத்திவிட்டார்கள். இதில் ஒரு வரியும் யாருடைய மிரட்டலுக்கோ ஆசைக்கோ சொன்னதல்ல, அனைத்தும் நடந்தது நடந்தபடி.

கையெழுத்துக்கு முன் இன்னும் ஒன்று சேர்க்கச் சொன்னேன். நேற்று மருத்துவமனையில் நெட்டை மறுபடி என் பக்கம் திரும்பியபின் அவருக்கும் எனக்கும் பேசி முடிவானது இது. மருத்துவச் செலவும், கை தேறும்வரை சம்பளமும் என்னுடையவை, நீதிமன்றம் விதிப்பது அதற்குமேல் தனி. காவலை எழுதி முடிக்கத் தங்கை மகளுக்கு இரண்டு வாரம், அதுவரை ஒரு லாரியும் கிளம்பாது. அடுத்து வரும் பலகைகளில் சைரனுக்குத் தனிப் பின், சிப் எவ்வளவு பெரிதானாலும் சரி. பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சிறு விளக்கு, சைரனுக்கு உண்மையிலேயே மின்சாரம் போய்ச் சேர்ந்தால் மட்டும் எரிவது, இது அவர் கேட்டது. எந்தப் பெட்டியும் அவர் சரி என்று சொல்லாமல் பட்டறையை விட்டு வெளியே போகாது, அதற்கு அவருக்கு என்னிடம் நிரந்தர வேலை. காவல் போட்ட முதல் பெட்டியை இன்றிலிருந்து பதினைந்தாம் நாள், காலை பதினொரு மணி நான்கு நிமிடத்துக்கு, பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரிக் குளிரில் வைத்துச் சோதிக்க வேண்டும். அறைக்குள்ளே நான். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே அவர். பத்து நிமிடம் கழிந்து திரை அணைந்த பிறகு நான் அழுத்த வேண்டும், சைரன் கேட்டால் அவர் திறப்பார். உறை போடக்கூடாது என்றார். ஒப்புக்கொண்டேன்.

(ஒப்பம்)